கை நனைக்காத அக்கா

“மாஸ்டர், சாப்பிட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்களைச் சாப்பிட வைக்கணும்னா என்ன சமைக்கணும்?”

ரெபேக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“யார் சாப்பிட மாட்டேன்றது?”

“எங்க அக்கா.”

“உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. குத்துக்கல்லாட்டம் இருக்காங்க.”

ஏலகிரி மலையில், கடைசி வளைவைத் தாண்டியதும் இருக்கிற தகரக் கூரைக் கடை ரெபேக்காவுடையது. ஹோட்டலில் பெரிய சமையல்காரரை மாஸ்டர் என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். அதைப் பெண்ணுக்கும் சொல்லலாம் என்று இந்த மலையில் முதலில் கண்டுபிடித்தவர் தணிகாசலம்.

மாஸ்டருக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யருக்கு அறுபத்தொன்று. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரில் இருக்கிற தணிவு ஆளுக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று அவர் மனைவியே சொல்வார். அந்த அம்மாள் இப்போது பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போயிருக்கிறார்.

“அக்கா உங்க வீட்டுக்கு வர்றதில்லையா?”

“வருவாங்க. வருஷத்துக்கு மூணு தடவை, நாலு தடவை. அரக்கோணத்துல ரயில் ஏறி, ஜோலார்பேட்டையில எறங்கி, பஸ் புடிச்சு வருவாங்க. எனக்குக் காய்ச்சல்னா கூட வந்து பார்த்தாங்க. ஆனா கையில டிபன் டப்பா கொண்டு வருவாங்க. தயிர் சாதம். அதை ஸ்பூனால சாப்பிட்டுட்டு, டப்பாவை மூடிப் பையில வெச்சுக்குவாங்க. தண்ணி பாட்டில் கூட அவங்களுதுதான்.”

“ஏனாம்?”

“வெளியில சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம்.”

“உங்க வீடு வெளியா?”

தணிகாசலம் கீழே கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். அந்தக் கேள்விதான் ஆறு வருஷமாக அவர் தொண்டையில் நிற்கிறது.

சாலையில் ஒரு பஸ் போனது. இரண்டு முறை ஹாரன் அடித்தது. ரெபேக்கா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

“ஞாயித்துக்கிழமை வர்றாங்க மாஸ்டர். எங்க அக்காவுக்கு ஆட்டுத் தொடைன்னா உசுரு. தோட்டத்துல அந்தக் குண்டடுப்பு சும்மாதான் கெடக்குது. அதுல முழுத் தொடையை வெச்சு எடுத்தா, வாசனைக்கே கை நனைச்சிடுவாங்கன்னு பார்த்தேன். ஆனா நான் எப்படி வெச்சாலும் கறி காஞ்சு போவுது.”

ரெபேக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“கறியை அப்புறம் பாப்போம். அடுப்பைக் காட்டுங்க.”

*

குண்டடுப்பு என்பது கடையில் கேட்டால் கிடைக்கிற பொருள் அல்ல. தணிகாசலம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய வீட்டில், முன்பு இருந்த தோல் வியாபாரி விட்டுவிட்டுப் போனது. கனத்த செராமிக் அடுப்பு. முட்டையை நட்டு வைத்த மாதிரி இருக்கும். பாதிக்கு மேலே மூடி. உள்ளே கரி. கீழே காற்றுக்கு ஒரு சின்னக் கதவு, மேலே புகைக்கு ஒரு துளை. ரெபேக்கா மலையில் ஒரு விடுதியில் வேலை பார்த்தபோது நாலு வருஷம் இப்படி ஒன்றைக் கட்டி மேய்த்தவர்.

வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். புதன்கிழமை. அடுப்பின் விளிம்பில் அந்தத் தாளை வைத்து மூடியை மூடினார். பிறகு தாளை இழுத்தார்.

தடையில்லாமல் வந்தது.

வேறு இடத்தில் வைத்தார். அங்கேயும் வந்தது.

“புகை எந்த வழியா வருது சார்?”

“மேல வரணும். பக்கத்துலயும் வருது.”

“சுத்தி வருது. இந்தப் பட்டை செத்துப் போச்சு.”

மூடியும் அடுப்பும் சேருகிற இடத்தில் கம்பளி மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருந்தது. அதுதான் கேஸ்கெட். கருத்து, இறுகி, அங்கங்கே உதிர்ந்து போயிருந்தது.

“காத்து உள்ள போய்க்கிட்டே இருக்கு. நீங்க மூடிட்டோம்னு நெனைக்கறீங்க. உள்ள தீ அடங்கவே இல்ல. கறி எப்படிக் காயாம இருக்கும்?”

“கேஸ்கெட் வாங்கி வெச்சிருக்கேன் மாஸ்டர். ஜோலார்பேட்டையில கேட்டா, எத்தனை லிட்டர் குக்கர்னு கேக்கறான். அப்புறம் பையன் பெங்களூர்ல இருந்து அனுப்பினான். ரெண்டு இருக்குது. ஒண்ணு போதும்.”

ரெபேக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“ரெண்டும் இருக்கட்டும்.”

பிறகு அடுப்பின் உள்சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் கருப்பாக, பிசுபிசுவென்று வந்தது. அதைத் தணிகாசலத்தின் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

“எவ்வளவு கொழுப்பு.”

“என்னைச் சொல்றீங்களா?”

“அடுப்பைச் சொல்றேன்.”

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். படியில் நின்று திரும்பினார்.

“முதல்ல எரிங்க. அப்புறம் ஆற விடுங்க. அப்புறம் ஒட்டுங்க. நாளைக்கு எனக்கு வாணியம்பாடியில வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்.”

*

முப்பத்துநாலு வருஷம் லைன் போட்டவருக்கு ஒரு பழக்கம் இருக்கும். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, எல்லா முடிச்சையும் முறுக்கி முடித்த பிறகுதான் சப்ளை. முடிக்காமல் சப்ளை கொடுப்பவன் பொறியாளனே இல்லை.

வியாழக்கிழமை காலையில் தணிகாசலம் யோசித்தார். மூடி பொருந்தாமல் எரித்தால் சூடு வெளியே போகும். பொருத்திவிட்டு எரித்தால் சூடு உள்ளேயே நிற்கும். கொழுப்பு இன்னும் நன்றாக எரியும். மாஸ்டர் சமையல்காரர்தானே, வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பார்.

பழைய பட்டையில் கையோடு வந்ததை மட்டும் பிய்த்துப் போட்டார். வராததன் மேலேயே புதியதை ஒட்டினார். சுருக்கம் விழாமல் இருக்க நன்றாக இழுத்து ஒட்டினார். காலண்டர் தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் அசையவில்லை.

அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினார்.

பிறகு கரியைக் கொட்டிப் பற்ற வைத்து, கீழ்க் கதவையும் மேல் துளையையும் முழுசாகத் திறந்துவிட்டார். அரை மணியில் புகை வந்தது. முக்கால் மணியில் மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. பதறிப்போய் எல்லாத் துளையையும் அடைத்தார். உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க, மூடியை ஒரே தூக்காகத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ரெபேக்கா வந்தபோது தணிகாசலம் வாசலிலேயே நின்றிருந்தார்.

“புருவம் எங்க சார்?”

“உள்ள விழுந்துடுச்சு.”

மீசையிலும் முன்பாதி இல்லை. ரெபேக்கா அடுப்புப் பக்கம் போனார். புதுப் பட்டை கருகிச் சுருண்டு, பாதி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

“ஒட்டிட்டு எரிச்சீங்களா?”

“ஆமா.”

“தாள் புடிச்சுதா?”

“நல்லாப் புடிச்சுது மாஸ்டர். முக்கால் மணி நேரம்.”

ரெபேக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் தணிகாசலத்தின் முகம் வாடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

*

கரியை விளிம்பு வரைக்கும் நிரப்பினார்கள். துளைகளைத் திறந்தார்கள். பற்ற வைத்து மூடினார்கள்.

முதலில் வெள்ளைப் புகை. பிறகு மஞ்சளாக, கனமாக வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ தின்ற கறியின் எண்ணெயெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நாறியது. தணிகாசலம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

“சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவியிருக்கலாமே மாஸ்டர்.”

“மண்ணு குடிச்சுக்கும். அடுத்த தடவை சூடு பண்ணும்போது வெடிக்கும்.”

“ரொம்ப நாறுது. துளையை மூடிடட்டுமா?”

“மூடுங்களேன். நாத்தம் நின்னுடும்.”

அவர் கையை நீட்டினார்.

“கொழுப்பு அப்படியே இருக்கும்.”

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“உக்காருங்க. எழுந்து ஓடாதீங்க. அவ்வளவுதான் வேலை.”

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொய்யா மரத்துக்குள் புகை புகுந்து போனது.

“அக்கா எப்ப இருந்து டப்பா கொண்டு வர்றாங்க?” என்று ரெபேக்கா கேட்டார்.

“அவங்க பையன் வேலவன் கல்யாணத்துல இருந்து. ஆறு வருஷம்.”

“என்ன ஆச்சு?”

இந்தக் கதை தணிகாசலத்துக்கு மனப்பாடம்.

“நான் தாய்மாமன். விடிகாலையில இருந்து மேடையில நின்னு எல்லாச் சடங்கும் செஞ்சேன். முதல் பந்தி போட்டாங்க. உக்காரப் போனேன். எங்க அக்கா ஓடி வந்து, நீ இரு தணிகா, ரெண்டாம் பந்தியில உக்காருன்னு என்னைத் தள்ளி நிக்க வெச்சுட்டு, சம்பந்தி வீட்டுக்காரங்களை உக்கார வெச்சாங்க. தாய்மாமனுக்கு ரெண்டாம் பந்தி. ஊரே பாக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

“கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.”

“கை நனைக்காம எறங்கி வந்துட்டேன்.”

“ஒண்ணும் சொல்லாமயா?”

“மரியாதை இல்லன்னு சொன்னேன்.”

“அதே வார்த்தையா?”

தணிகாசலம் அடுப்பைப் பார்த்தார். மேல் துளைக்கு மேலே காற்று நடுங்கியது. ரெபேக்கா மறுபடி கேட்கவில்லை. எழுந்து போகவும் இல்லை.

வெகு நேரம் கழித்துத் தணிகாசலம் சொன்னார்.

“எச்சி இலை பொறுக்க வந்தவன் இல்ல நான்னு சொன்னேன். சம்பந்தி முன்னால.”

ஆறு வருஷத்தில் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். இந்த வாக்கியத்தைச் சொன்னது இன்றைக்குத்தான். சொன்னதும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. கையில தண்ணி ஜக்கு வெச்சிருந்தாங்க. அப்படியே நின்னாங்க. அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல. எங்களுக்குள்ள சண்டையே இல்ல மாஸ்டர். தீபாவளிக்கு நான் போன் பண்றேன். பொங்கலுக்கு அவங்க பண்றாங்க. நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்றோம்.”

“தாள் புடிக்குது,” என்றார் ரெபேக்கா.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். அடுப்பில் தாள் எதுவும் இல்லை. ரெபேக்கா அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். புகை மெலிந்து, நிறமே இல்லாமல் போயிருந்தது. நாற்றமும் இல்லை.

ரெபேக்கா துளைகளை அடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மூடியின் பிடியில் கை வைத்தார். தணிகாசலம் பத்தடி பின்னால் போய் நின்றார்.

மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினார். நிறுத்தினார். இறக்கினார். மறுபடி இரண்டு விரல் அளவு தூக்கினார். உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. இறக்கினார். மூன்றாவது முறை முழுசாகத் திறந்தார்.

“உள்ள தீ காத்துக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கும் சார். ஒரேயடியாத் தொறந்தா மூஞ்சிக்கு வரும்.”

“இப்படித் தொறந்தா வராதா?”

“வரும். ஆனா நீங்க தாங்கிக்கலாம்.”

உள்சுவர் முழுக்க வெளுத்திருந்தது. அடியில் சாம்பல் இருந்தது. விரலில் ஒட்ட ஒன்றுமில்லை.

“இப்ப ஒட்டிடலாமா?”

“கைய வெச்சுப் பாருங்க.”

விளிம்புக்கு அரை அடி முன்னாலேயே அவர் கை நின்றுவிட்டது.

“எப்ப ஆறும்?”

“ஆறும்போது.”

“ஞாயித்துக்கிழமை அக்கா வர்றாங்களே மாஸ்டர்.”

“அது அடுப்புக்குத் தெரியாது.”

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அடுப்பு சில்லென்று இருந்தது.

பெயிண்டர்கள் சுரண்டுகிற தகட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார் ரெபேக்கா. பழைய பட்டையைச் சுரண்டச் சொன்னார். ஒரு சாண் நீளத்துக்கு அது கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“இந்த எடம் நல்லாத்தானே இருக்குது. விட்டுடலாமா?”

“நல்லா இருக்கற மாதிரி இருக்குது.”

அவர் அதையும் சுரண்டினார். தின்னர் தோய்த்த துணியால் விளிம்பைத் துடைத்தார். கடைசிப் பட்டையைப் பிரித்து, பழக்க தோஷத்தில் இழுத்துப் பிடித்தார்.

“இழுக்காதீங்க.”

“சுருக்கம் விழுமே.”

“இழுத்து ஒட்டினா இன்னைக்கு அழகா இருக்கும். சூடு பட்டதும் அது தன்னோட அளவுக்குச் சுருங்கிடும். அப்புறம் நடுவுல இடைவெளி விழும். அது எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் சார். நம்ம அவசரத்துக்கு நீளாது.”

தணிகாசலம் விரல் விரலாக வைத்து அழுத்தினார். ஒரு சுற்று வர அரை மணி நேரம் ஆனது. மூடியை மூடினார்கள்.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணி வரைக்கும் தீ கூடாது. அது பாட்டுக்கு மூடியோட பாரத்துலயே புடிச்சுக்கும்.”

“தொறந்து பாக்கலாமா?”

“பாக்காதீங்க.”

ரெபேக்கா கிளம்பினார். தணிகாசலம் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“மாஸ்டர், மூணு நாளாச்சு. நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே. சாப்பிட மாட்டேன்னு வர்றவங்களுக்கு என்ன சமைக்கறது?”

சாலையில் பஸ் ஹாரன் இரண்டு முறை கேட்டது. கடை இங்கிருந்து தெரியாது. பஸ்ஸும் தெரியவில்லை. ஆனாலும் ரெபேக்கா கையைத் தூக்கி ஆட்டினார்.

“யாருக்கு ஆட்டறீங்க?”

“எங்க அண்ணன். அந்த வண்டிக்கு டிரைவர். அஞ்சு வருஷமா தெனமும் கடையைத் தாண்டிப் போறார்.”

“நிறுத்த மாட்டாரா?”

“ஹாரன் அடிப்பார். நான் கைய ஆட்டுவேன். எங்களுக்குள்ள சண்டை எல்லாம் ஒண்ணுமில்ல.”

தணிகாசலம் கேட்டின் கொண்டியைத் தூக்கி, மறுபடி போட்டார்.

“தாள் புடிக்குது,” என்றார்.

ரெபேக்கா சட்டென்று அவரைப் பார்த்தார். மாஸ்டர் ஆன பிறகு அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. நாலு எட்டு நடந்து போய்த் திரும்பினார்.

“கறிக்கு உப்பும் மிளகும் போதும்.”

*

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தணிகாசலம் தீ போட்டார். சின்னத் தீ. ஒன்பதரைக்குத் தொடையை உள்ளே வைத்தார். காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழித்து விளிம்பில் வைத்து மூடினார். இழுத்தார். தாள்தான் கிழிந்தது.

அக்கா பன்னிரண்டு மணி பஸ்ஸில் வர வேண்டும். வரவில்லை. பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை. தணிகாசலம் பத்து முறை கேட்டுக்குப் போய் வந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா தெய்வானை வந்தார். அறுபத்தைந்து வயது. தோளில் துணிப் பை. பையில் டப்பாவின் வட்டம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“புருவம் எங்கடா?”

“அடுப்பு எடுத்துக்கிச்சுக்கா. ஏன் இவ்வளவு நேரம்?”

“வளைவுக்கு மேல ஒரு கடைகிட்ட, ஒரு பொண்ணு நடுரோட்டுல நின்னு பஸ்ஸை மறிச்சிடுச்சு. கையில கரண்டி வேற. டிரைவரைப் பார்த்து என்னென்னமோ கேக்குது. அழுவுது. திட்டுது. பஸ்ஸே வேடிக்கை பாக்குது.”

தணிகாசலம் ரோட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“டிரைவர் என்னக்கா பண்ணார்?”

“இஞ்சினை நிறுத்திட்டு உக்காந்து கேட்டார், பாவம். முக்கால் மணி நேரம்.”

தோட்டத்தில் நாற்காலி போட்டிருந்தது. தெய்வானை உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். கறி வாசனை தோட்டம் முழுக்க இருந்தது.

“ஆட்டுத் தொடையா?”

“ஆமாக்கா.”

தெய்வானை டப்பாவை எடுத்து முக்காலி மேல் வைத்தார். பக்கத்தில் தண்ணி பாட்டிலை வைத்தார். ஸ்பூனை எடுத்தார்.

ஒரே ஒரு துண்டு சாப்பிடுக்கா என்று சொல்வதற்குத் தணிகாசலம் மூன்று நாளாக வாயைத் தயாராக வைத்திருந்தார். அதைச் சொல்லவில்லை.

“அக்கா, வேலவன் கல்யாணத்துல நான் பேசினேனே.”

“அதெல்லாம் எதுக்குடா இப்ப? நான் என்னைக்கோ மறந்துட்டேன்.”

இதற்கு முன் எத்தனையோ தடவை அக்கா இப்படிச் சொல்லி, அவரும் தப்பித்தோம் என்று விட்டிருக்கிறார். இந்தத் தடவையும் கொஞ்ச நேரம் விட்டார். உள்ளே போய் விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தார். தெய்வானை விசிறிக்கொண்டார்.

“நான் மறக்கலக்கா.”

“விடுன்னு சொன்னேன்ல.”

மறுபடி கொஞ்ச நேரம் விட்டார். விசிறி நின்றுவிட்டது.

“எச்சி இலை பொறுக்க வந்தவன் இல்லன்னேன். சம்பந்தி முன்னால சொன்னேன். தப்புக்கா. திட்டறதுன்னா திட்டு. நான் எழுந்து போக மாட்டேன்.”

தெய்வானை டப்பாவைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

கல்யாணத்தில் ஆரம்பித்தது அங்கே நிற்கவில்லை. சம்பந்தியம்மாள் இன்றைக்கும் உங்க தம்பிக்குக் கோபம் போச்சா என்று கேட்கிறாளாம், மருமகள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாளாம். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாசமும் அக்காதான் பார்த்தார், தம்பி ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். மாமாவுக்குக் கண் ஆபரேஷன் என்றபோது தம்பி போனில் ஆல் தி பெஸ்ட் சொன்னார். எந்தக் காலத்திலோ பள்ளிக்கூடத்தில் அவருக்காக அக்கா அடி வாங்கியது கூட வந்தது.

ஒவ்வொன்றுக்கும் தணிகாசலத்திடம் பதில் இருந்தது. வேலையில் இருந்தபோது விளக்கக் கடிதம் எழுதியே பழகியவர். அப்படி இல்லக்கா என்று இரண்டு முறை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உட்கார்ந்தே இருந்தார். அது அவ்வளவு லேசான வேலையாக இல்லை.

தெய்வானைக்கு மூச்சு வாங்கியது. குரல் இறங்கியது.

“உன்னை ஏன்டா ரெண்டாம் பந்திக்கு இருக்கச் சொன்னேன்?”

“தெரியலக்கா.”

“கேட்டியா?”

“கேக்கல.”

“காலையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல நான். சம்பந்தி வீட்டுக்காரங்களை உக்கார வெச்சு அனுப்பிட்டா, அப்புறம் நீயும் நானும் ஒண்ணா உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம்னு இருந்தேன். உனக்குப் பக்கத்துல எனக்கு ஒரு இலை. சமையல்காரர்கிட்ட சொல்லி, உனக்குன்னு நாலு போளி எடுத்து மூடி வெச்சிருந்தேன்.”

ஆறு வருஷமாகத் தணிகாசலம் சொல்லிக்கொண்டு திரிந்த கதையில் இந்தப் போளி இல்லை.

“அன்னைக்கு நீ சாப்பிட்டியாக்கா?”

“யாரோட?”

அறுபத்தொரு வயசு மனுஷன் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தெய்வானையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொய்யா மரத்தில் ஒரு அணில் இரண்டு பேரையும் பார்த்துக் கத்திவிட்டுப் போனது.

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்.

“சாப்பிடலாமாக்கா?”

“இருடா. இப்பதானே கத்தி முடிச்சேன். கொஞ்சம் ஆறட்டும்.”

எப்போது ஆறும் என்று அவர் கேட்கவில்லை. உட்கார்ந்தார்.

தெய்வானை கொய்யா மரத்தைப் பார்த்தார். இது காய்க்குதா என்று கேட்டார். பேரன் நடக்கிறானா என்று கேட்டார். புருவம் முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். ஒரு தடவை லேசாகச் சிரிக்கவும் செய்தார். தயிர் சாத டப்பா மூடியபடியே இருந்தது. இரண்டரை மணி தாண்டியது.

“கறி இந்நேரம் ஆறிப் போயிருக்கும்ல?”

“அது ஆறாதுக்கா.”

அடுப்பின் அருகே போனார். மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கி இறக்கினார். பிறகு திறந்தார். ஆவி எழுந்தது. தொடை பொன்னிறமாக, நெய் மின்ன, ஒரு சொட்டு ஈரம் குறையாமல் இருந்தது.

பின்பக்கம் போய் வாழை இலை இரண்டு நறுக்கி வந்தார். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்.

தெய்வானை இலைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டை ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன்டா தணிகா, இந்த வீட்டுல கை கழுவுற எடம் எங்க?”